நீங்கள் வைக்காத கையெழுத்து

ராத்தா,

நேற்று மாதர் சங்கத்தின் புதிய செயலாளர் வந்து சங்கத்துச் சாமான்களைக் கேட்டாள். அலுமாரி மேல்தட்டில் கிடந்த பிஸ்கற் ரின்னை இறக்கினேன். உள்ளே றப்பர் முத்திரை, மைப்பெட்டி, கூட்ட அறிக்கைக் கொப்பிகள் இரண்டு. மூடியைத் திறந்ததும் அந்த ஊதா மையின் வாசம் முகத்தில் அடித்தது. இவ்வளவு காலம் காய்ந்து கிடந்த மைக்கு இன்னும் வாசம் இருக்கிறதே என்று நினைத்தேன், அதற்குள் கண் கலங்கிவிட்டது. "என்ன அன்ரி, தூசியோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். ஓம் பிள்ளை, தூசிதான் என்றேன். பொய் சொல்ல எனக்கு ஒருபோதும் நேரம் எடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. இந்த மடலை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதினால்தானே மடல். இதில் பாதி உங்களுக்குத் தெரிந்தது. மிச்சத்தைச் சொல்லத்தான் இருக்கிறேன்.

நாங்கள் மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்து இறங்கிய அன்று எனக்கு என் காணி எது என்றே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் உடைமரமும் பற்றையும். நீங்கள் புத்தளத்திலிருந்து எங்களுக்கு மூன்று கிழமை முன்னரே வந்து காடு வெட்டிக்கொண்டிருந்தீர்கள். முக்காட்டை இடுப்பில் இறுக்கிச் சொருகி, கையில் கத்தியோடு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "அங்கால கிணத்தடியில ஒரு மாதா சுருவம் உடைஞ்சு கிடக்கு புள்ள. அது உங்கட ஆக்கள்ற காணியாத்தான் இருக்கும், வா" என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். என் கையைப் பிடித்தபடி மகன் யூட், ஒன்பது வயது. உங்கள் பக்கத்தில் உங்கள் மகன் நிஸ்தார், அவனுக்குப் பதினாலு இருக்கும். கணவனை அகதி முகாமில் புதைத்துவிட்டு வந்தவள் நான். உங்கள் ஆளும் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். இரண்டு விதவைகளும் ஒரு கிணற்றையும் ஒரு வேலியையும் பங்கு போட்டுக்கொண்டோம். அன்றிலிருந்து நான் உங்களுக்குப் புள்ள, நீங்கள் எனக்கு ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள் மாதிரி. நிஸ்தார் என்னைச் சாச்சி என்றே கூப்பிட்டான், பெற்றவளின் தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி. யூட்டுக்கு நீங்கள் பெரியம்மா, நிஸ்தார் அண்ணன் முறையில் நானா.

அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் பட்டியல்தானே. கூரைக்குப் போடுகிற தறப்பாளுக்கு ஒரு பட்டியல், விதைநெல்லுக்கு ஒன்று, கோழிக்குஞ்சுக்கு ஒன்று, வந்திருக்கிறோம் என்பதற்கே ஒன்று. ஒருத்தி வரிசையில் நிற்க மற்றவள் தண்ணீர் எடுக்கப் போவாள். பெயர் கூப்பிட்டால் நிற்கிறவள் இல்லாதவளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்துவிடுவாள். ஊர் முழுக்க அப்படித்தான். ஒருத்தியும் அதைக் களவென்று நினைக்கவில்லை, நினைத்திருந்தால் பாதிப் பேருக்குத் தறப்பாள் கிடைத்திராது. உங்கள் கையெழுத்தின் கீழே ஒரு வால் வலப்பக்கம் ஓடித் திரும்பி மேலே ஏறும். அது எனக்கு என் கையெழுத்தைவிட நன்றாக வரும். "என்ன வேகமாப் போடுறாய்! நான் ஒருக்கா வைக்கிறதுக்குள்ள நீ மூண்டு தரம் வச்சிருவாய்" என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பிறகு நீங்கள் மாதர் சங்கத் தலைவியாகி, நான் செயலாளரானபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. நீங்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் நானே உங்களுக்காக வைத்து, முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டுப் பிறகு வந்து சொல்லுவேன்.

ஒரே ஒரு கடிதத்தைப் பற்றித்தான் வந்து சொல்லவில்லை.

யூட் கெட்டுப்போன காலத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் என்கிறார்களே, அந்தப் போதைத் தூளின் பெயரை முதலில் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். என் பிள்ளை இரண்டு கிழமை நித்திரை கொள்ளாமல் வளவுக்குள் நடந்து திரிந்தான். காஸ் சிலிண்டர் போனது, தையல் மெசின் போனது. ஒருநாள் காலை, தேத்தண்ணீர் சூடில்லை என்று என்மேல் கையை ஓங்கினான். வேலிக்கு மேலால் பார்த்த நீங்கள் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தீர்கள். அவன் பாறை மாதிரி இருந்தான், நீங்கள் அவன் தோளுயரம்கூட இல்லை. "அடிக்கிறதெண்டா என்னை அடி மகன். உன்ர அம்மாக்கு ஒடம்பில சத்தில்ல" என்றீர்கள். அவன் அப்படியே நிலத்தில் இருந்து அழுதான். அடுத்த நாள் அவனை மன்னார் ஆசுபத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதும், பஸ்ஸில் அவன் பக்கத்தில் இருந்ததும், ஓடிவிடாமல் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நீங்கள். நான் பின் இருக்கையில் இருந்து செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன், வேறென்ன செய்தேன்?

அந்தக் கிழமைகளில்தான் கரையில் இரண்டு படகு எஞ்சின் களவு போனது. கடலில் கஞ்சாப் பொதி மிதந்ததென்று கதை. ரீவியைப் போட்டால் அதே செய்தி, போனைத் திறந்தால் அதே செய்தி. முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். படைச் சீருடையில் ஓர் அதிகாரி வந்தார், நல்ல மரியாதையாகத் தமிழ் கதைத்தார். எங்கள் எல்லோரையும் அம்மா என்றார். "நாங்கள் வரவேணும் எண்டு எங்களுக்கு ஆசை இல்லை அம்மா. பிள்ளைகளைக் காப்பாத்தச் சொல்லி நீங்கள் கேட்டால்தான் வரலாம். தாய்மார் கேட்டால் மேலிடம் ஒருநாளும் மறுக்காது" என்று சொன்னார். நான் தலையாட்டினேன். எங்களில் அநேகம் பேர் தலையாட்டினோம். பயந்தவளுக்கு மரியாதையாகக் கதைக்கிற மனிதன் கடவுளாகத்தான் தெரிவான்.

நீங்கள் மட்டும் எழுந்து நின்றீர்கள். "சேர், ஒரு சின்னக் கேள்வி. அந்தத் தூள் கடலால வாறதில்ல, ரோட்டால வருது எண்டுதான் புள்ளைகள் சொல்லுதுகள். எங்கட ரோட்டில இப்பவே மூண்டு சாவடி இருக்கு. என்ர கருவாட்டுப் பெட்டியை மூண்டிலயும் அவிழ்த்துப் பாக்கிறீங்க. அது மட்டும் எப்பிடி வருது?" என்று கேட்டீர்கள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார், உங்கள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லக் கூடாது. என் பிள்ளை சாகக் கிடக்கிறான், இவ சட்டம் பேசுறா என்று மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன், கடிதம் எழுதப்போறன் ராத்தா என்று. நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. "நீ இப்ப பயந்திருக்கிறாய் புள்ள. பயந்திருக்கிற நேரம் ஒண்டிலயும் கையெழுத்து வைக்காத. கள்ளனைப் பிடிக்கிறதுக்குப் பொலிஸ் இருக்கு, அவங்களைக் கேப்பம். துவக்கோட வந்து கரையில குந்தினவங்களை எழுப்புறது லேசில்ல. நாங்க ரெண்டு பேரும் ஊரை விட்டு ஓடினது எதால எண்டு மறந்திட்டியா?" என்றீர்கள். மறக்கவில்லை ராத்தா. ஆனால் என் வீட்டுக்குள் இருந்த பயம் புதிது, அது பழைய பயத்தைத் தள்ளிவிட்டது.

மறுநாள் மத்தியானம் நீங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிருந்தீர்கள். கடிதத்தை எழுதினேன். "எமது கரையோரத்தில் நிரந்தரப் பாதுகாப்பு நிலை ஒன்றை அமைத்துத் தருமாறு தாய்மாராகிய நாம் தாழ்மையுடன் வேண்டுகிறோம்." என் பெயரை வைத்தேன். தலைவி என்ற இடத்தில் ஒரு நிமிடம் பேனை நின்றது, ஒரு நிமிடம்தான். பிறகு உங்கள் கையெழுத்தையும் வைத்தேன். வால் அழகாக ஓடித் திரும்பியது. முத்திரையைக் குத்தி ஊதினேன், மை காயட்டும் என்று.

படைமுகாம் வந்தது. நாங்கள் கருவாடு காயவைக்கிற திடலில்தான் வந்தது. "தலைவி கையெழுத்து இல்லாமக் கடிதத்தை எடுத்தாங்களா?" என்று நீங்கள் கேட்டபோது, ஓம் ராத்தா, எடுத்திட்டாங்கள் என்றேன். நீங்கள் மேலே கேட்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, முதல் இரண்டு மாதமும் நிம்மதிதான். எஞ்சின் களவு நின்றது. காவலுக்கு நின்ற பெடியன்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, மீசை முளைக்காத முகங்கள், வெயிலில் தோல் உரிந்து. நான் ஒருநாள் பொரித்த மீன்கூடக் கொடுத்து அனுப்பினேன். நான் சொன்னதுதான் சரி என்று உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் ஒரு எண்ணம், ஒளிப்பானேன்.

பிறகு கடலுக்குப் போக பாஸ் வந்தது. போகிற நேரமும் வருகிற நேரமும் அவர்கள் சொன்னபடி. திடலைச் சுற்றி முட்கம்பி வந்தது, கருவாட்டை ரோட்டோரத்தில் காயப்போட்டோம், மண்ணும் தூசியும். பிறகு சுற்றிவளைப்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போன ஆண்களும் சுபஹு தொழுதுவிட்டு வந்த ஆண்களும் விளையாட்டுத் திடலில் முழங்காலில் இருந்தார்கள். முன்னொரு காலத்தில் சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்தான். இந்த முறை நாயைக் கொண்டுவந்து மணக்கவிட்டார்கள். யாராவது ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "நீங்கள் கேட்டுத்தானே வந்தனாங்கள்." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நான் அப்பவே சொன்னனான் என்று ஒரு சொல், ஒரேயொரு சொல், உங்கள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நிஸ்தார் அந்த நீலக் கலனோடு வந்த காலை ஞாபகம் இருக்கிறதா? நான் உங்கள் முற்றத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். கயிறு தொங்க, வெறும் பிளாஸ்ரிக் கலன் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "சாச்சி, நல்ல தடிச்ச கலன். கடல்ல மிதந்தது" என்றான். எங்கள் ஊரில் மிதக்கிற கலனை விட்டுவிட்டு வருகிற மீன்பிடிகாரன் உண்டா? வலைக்கு மிதவையாகும், தண்ணீர் பிடிக்கலாம், வெட்டினால் கோழிக்குத் தீன் வைக்கலாம். நீங்கள் சாம்பலும் மணலும் போட்டு உரஞ்சிக் கழுவினீர்கள். கயிறும் நல்ல கயிறு, கொடிக்குக் கட்டினீர்கள். கடலுக்கு அடியில் கஞ்சாவை அமிழ்த்துகிறவர்கள் அடையாளத்துக்கு அதே மாதிரிக் கலனைத்தான் மிதக்கவிடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாம் நாள் வீடு வீடாகச் சோதனை. கலன் கிணற்றடியில், கயிறு கொடியில். எங்கோ கடலில் எடுத்த பொதிகளில் இருந்ததும் அந்தக் கயிறுதானாம். நிஸ்தாரை உடுத்திருந்த சாரத்தோடு கொண்டுபோனார்கள். இரண்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் முகாம் வாசலில் நின்றோம். காவல் நின்ற பெடியன் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை உங்களிடம் நீட்டினான். நீங்கள் குடித்துவிட்டு, "உங்கட அம்மா சுகமா தம்பி?" என்று கேட்டீர்கள். அவனுக்கு விளங்கியதோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான். நான் உள்ளே போய் அந்த மரியாதையான அதிகாரியிடம், கலன் வெறுமையாகத்தான் வந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அம்மாட மகன்ட பேரும் எங்கட லிஸ்டில இருக்கு. பாவம் எண்டு விட்டு வச்சிருக்கிறம்" என்றார். குரல் அதே குரல், மரியாதை அதே மரியாதை. நான் வெளியே வந்து உங்களிடம், கேக்கிறார் இல்லை ராத்தா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்று பின்னேரம் எல்லோருடைய போனிலும் நிஸ்தார் இருந்தான், கையைப் பின்னால் கட்டி, யாருடையதோ பொதிகளுக்குப் பக்கத்தில் இருத்தி. கீழே ஊர் பேர் தெரியாத ஆட்கள் தூக்கில் போடச் சொல்லி எழுதியிருந்தார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள், அவர்களுக்கும் யாரோ இதே பயத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

மன்னார் நீதிமன்றத்தில் பிணை கேட்ட நாள். நிஸ்தார் வலது காதில் பஞ்சு வைத்திருந்தான். விழுந்ததாம். பொலிஸ் தரப்பில் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். அந்தக் கரையில் கடத்தல் நடப்பதாக ஊர்த் தாய்மாரே முறையிட்டிருக்கிறார்கள், அதில் சந்தேகநபரின் தாயாரே தலைவியாகக் கையொப்பம் இட்டிருக்கிறார் என்று வாசித்தார். நீதவான் தாளை உங்களிடம் காட்டச் சொன்னார். "இது உங்களுடைய கையொப்பமா?"

நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். கோபமில்லை. எதையோ எங்கே வைத்தோம் என்று தேடி, அது அகப்பட்ட மாதிரி ஒரு பார்வை. திரும்பவும் நீதவானைப் பார்த்து, "ஓம் ஐயா. என்ர கையெழுத்துத்தான்" என்றீர்கள்.

கூண்டுக்குள் நின்ற நிஸ்தார் உங்களைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்று நம்ப ஆசை. பிணை இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் யன்னல் பக்கம். அரிப்புப் பாலம் வந்தது. நீங்கள் கச்சான் கடலைச் சுருளைப் பிரித்து எனக்குப் பாதியைக் கொட்டிவிட்டு, "என்ர கையெழுத்தை என்னைவிட வடிவா வச்சிருக்கிறாய்" என்றீர்கள். அந்த நேரத்திலும் பகிடி! நான் பஸ்ஸென்றும் பாராமல் விக்கி அழுதேன். முழங்கையால் என்னை இடித்தீர்கள். "அழாத. சனம் பாக்குது. இல்ல எண்டு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி ஆர் வச்சது எண்டுதான். கள்ளக் கையெழுத்துக்கு நீ உள்ள போனா யூட்டை ஆர் பாக்கிறது? இப்பதான் புள்ள சோறு தின்னத் தொடங்கியிருக்கிறான். ரெண்டு வீட்டிலயும் சேத்து ஒராள் உள்ள இருந்தாக் காணும்."

"நிஸ்தார் உங்களை..." என்று தொடங்கினேன்.

"அவன் என்ர புள்ள. கோவிப்பான். பிறகு ஆறுவான். யூட் முழுசாச் சுகப்படட்டும், பிறகு நீயே போய் அவனுக்குச் சொல்லு. அதுவரைக்கும் வாயைத் திறக்காத" என்றீர்கள்.

அவன் ஆறவில்லை ராத்தா. விளக்கமறியல் சிறைக்கு இரண்டு தரம் போனோம், இரண்டு தரமும் அவன் வெளியே வர மாட்டேன் என்று சொல்லியனுப்பினான். இரண்டாம் முறை நீங்கள் அவனுக்குக் கொண்டுபோன சாரத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தீர்கள். "மெலிஞ்சிருப்பான், சாரம் இடுப்பில நிக்குமோ தெரியாது" என்றீர்கள். அப்போதே நான் கம்பி வலையைப் பிடித்துக் கத்தியிருக்க வேண்டும். நீங்கள் வாயைத் திறக்காதே என்றது எனக்குச் சாட்டாகப் போயிற்று. பிறகு சீனி வியாதி, பிரஷர், ஒரு புதன்கிழமை ஆசுபத்திரி, வெள்ளி காலை எல்லாம் முடிந்தது. ஜனாஸாவை வைத்திருக்க முடியாது, அன்று பின்னேரமே அஸர் தொழுகையோடு அடக்கினார்கள். கூட்டிவர வாகனமில்லை, காவலில்லை என்று இழுத்தடித்து நிஸ்தாரைக் கொண்டுவந்தபோது மண் மூடியாகிவிட்டது. கைவிலங்கோடு மையவாடியில் கால்மணி நேரம் நின்றான். நான் மதிலுக்கு வெளியே. அவன் அழவில்லை. அழாமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும், காவல்காரர் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று சொல்லி, அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்டவள் நான்.

உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து சோறு கொண்டுவந்து தந்தார்கள். அதை யூட்டுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். இப்போது அவன் படகு திருத்துகிற இடத்தில் வேலை செய்கிறான், கையெல்லாம் பசை. எட்டு மாதமாகத் தூளைத் தொடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் சோற்றுக்குள் கையை வைத்தபடியே இருந்தான். "அம்மா, முகாம் வந்த பிறகும் ஒருநாள்கூட எனக்குச் சாமான் கிடைக்காமப் போகேல்ல. அதுக்கு முன்னால இருக்கிற கடையடியிலயே வாங்கியிருக்கிறன்" என்றான். பிறகு, "என்னைத் தூளை விடவச்சது அந்த முகாம் இல்ல. திரும்பத் திரும்பக் கிளினிக்குக்கு இழுத்துப்போய்ப் பெரியம்மாதான் விடுவிச்சவ. வாங்கோ, நிஸ்தார் நானாட்டப் போவம். என்னைப் பிடிச்சாப் பிடிக்கட்டும்" என்றான்.

போனோம். பெயர் கொடுக்கும்போது யூட் தன் பெயரைக் கொடுத்தான், அதனால்தானோ என்னவோ நிஸ்தார் வந்தான். மெலிந்துதான் இருந்தான் ராத்தா. வலையின் இரண்டு பக்கமும் சனம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். நான் வலையோடு வாயை ஒட்டி மெல்லமாகச் சொன்னேன், வழியெல்லாம் பாடமாக்கிய மாதிரி. அவன் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையை மறுபக்கம் திருப்பி, இடது காதைக் கம்பியோடு வைத்தான்.

"அந்தக் காது கேக்காது சாச்சி. பலமாச் சொல்லுங்கோ."

பலமாகச் சொன்னேன். "அந்தக் கடிதத்தில உங்கட உம்மா கையெழுத்து வைக்கேல்லை! நான்தான் வச்சனான்! கள்ளமா வச்சனான்!" என்று கத்தினேன். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த சனம் ஒவ்வொருவராக நிறுத்தியது. காவல்காரர் திரும்பினார். என் குரல் மட்டும் அந்த மண்டபத்தில் நின்றது.

நிஸ்தார் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான். "உம்மாக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"கோட்டில நீதவான் தாளைக் காட்டேக்கதான் தெரியும். தெரிஞ்சுதான் ஓம் எண்டவ. யூட்டுக்காக."

அவன் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. "ரெண்டு தரம் வந்தவ சாச்சி. நான் வெளிய வரேல்ல. ரெண்டு தரமும் அந்தச் சுவருக்குப் பின்னாலதான் இருந்தனான்" என்றான். யூட் கம்பிக்குள்ளால் இரண்டு விரலை விட்டு அவன் விரலைப் பிடித்தான். நேரம் முடிந்தது என்று காவல்காரர் சொல்லவில்லை. அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகும்போது நிஸ்தார் திரும்பி வந்தான். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "என்னை எப்ப விடுறாங்களோ விடட்டும். அந்தக் கடுதாசியில இருந்து உம்மாட பேரை எடுங்கோ. அது அங்க கிடக்கும்வரைக்கும் அந்த முகாமை உம்மா கேட்ட மாதிரித்தான் இருக்கும்" என்றான்.

சட்டத்தரணி இரண்டு தரம் எச்சரித்தார். "சத்தியக்கடதாசி குடுத்தா உங்களுக்கு மேல வழக்கு வரும் அம்மா. யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அவர் மேசையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கலன் வெறுமையாக வந்ததை, மிதக்கிற கலனை எடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம் என்பதை, யூட்டின் பெயரைச் சொல்லி அதிகாரி என் வாயை மூடியதை, கையெழுத்தை. கீழே வைக்க வேண்டிய இடத்தில் என் கை என்னுடையதைத்தான் வைத்தது. அதற்குக்கூடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முகாம் அங்கேயே இருக்கிறது. இனி அதை எடுப்பார்கள் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நிஸ்தாருக்கு அடுத்த மாதம் திரும்பவும் பிணை கேட்கிறார்கள், சட்டத்தரணிக்குக் கொஞ்சம் நம்பிக்கை. ஊரில் சிலர் என்னோடு கதைப்பதில்லை. ஒருத்தி, அவளின் மகனும் இப்போது தூள் எடுக்கிறான், கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளிடம் ஒன்றும் பிரசங்கம் பண்ணவில்லை. நான் வெளியில் இருந்தால் நாளை மறுநாள் அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன், சட்டை நுனியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும்.

"ஓம் ஐயா, என்ர கையெழுத்துத்தான்" என்ற உங்கள் குரல் மீன் அரியும்போதும் பூசையில் முழங்காலில் இருக்கும்போதும் எனக்குள் கேட்கிறது. அந்தக் குரல் போக வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. நாளை காலை ஒன்பது மணிக்குப் பொலிஸுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், வாக்குமூலம் எடுக்க. திரும்பி வருவேனா, அங்கேயே வைப்பார்களா, தெரியாது. யூட் என்னோடு வருகிறான். முதல் கேள்வி அந்த முகாமைக் கேட்டது யார் என்பதாகத்தான் இருக்கும். நான் கேட்டேன் என்று சொல்லுவேன், ராத்தா. அவ வேண்டாம் எண்டுதான் சொன்னவ என்று எழுதுங்கோ, எழுதி முடிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ என்று சொல்லுவேன்.